வெள்ளி தேடிய கொல்லை

"சாவி, பெல்ட்டு, போன் எல்லாத்தையும் வரப்புல வெச்சிட்டு வாங்கய்யா. இரும்பு பக்கத்துல இருந்தா மிஷின் தப்பா காட்டும்" என்றாள் ஷாரோன்.

செங்கல்வராயன் சாவியை வைத்தார், பெல்ட்டைக் கழற்றினார். போனை மட்டும் மனைவி வேண்டாவின் கையில் கொடுத்தார். "அடிச்சா ஒடனே கூப்புடு."

செய்யூரை ஒட்டிய அவருடைய வேர்க்கடலைக் கொல்லையில் அன்று காந்த அளவீடு. அடியில் வெள்ளி இருக்கலாம் என்று ஷாரோனின் கம்பெனி நினைத்தது. கருவி பொருத்திய கழியோடு அவள் நேர்கோட்டில் நடக்க, அவர் முன்னால் கயிறு பிடித்துப் போனார்.

"வெள்ளி கெடச்சா பேப்பர்ல போடுவாங்களாம்மா?"

"போடுவாங்க. ஆனா இது வெள்ளியக் காட்டாதுங்கய்யா. கீழ பாறை எங்க மாறுதுன்னுதான் காட்டும். அங்க வெள்ளி இருந்தாலும் இருக்கலாம்."

"பேப்பர்ல வந்தா போதும். எம்பையன் பாலா பாப்பான். நாவலூர்ல எங்கியோ வேலைல கீறானாம்."

"பேசறதில்லையா?"

"மூணு வருசமாச்சு. கொல்லைய வித்துட்டு டவுனுக்குப் போலான்னான். வூட்ட வுட்டுப் போடான்னேன். கொட்ற மழைல பைக்க எடுத்துகினு போனவன்தான், ஒரு போன் கெடையாது. அவ்ளோ ரோசம்."

கயிற்றை இழுத்து நேராக்கினார்.

"மாசத்துக்கு ஒரு தபா அங்க போயி, ஆபீஸ் வுடற நேரத்துல நின்னு பாப்பேன். ஒரு தபாகூட கண்ணுல படல. என்னப் பாத்துட்டு ஒதுங்கிப் போறானோ இன்னாவோ."

சவுக்குத் தோப்பை ஒட்டிய மூலையில் கருவியின் எண்கள் திடீரென்று எகிறின. ஷாரோன் பின்வாங்கி, மறுபடி நடந்தாள். அதே இடத்தில் மறுபடியும் எகிறின.

"வெள்ளியாம்மா?" அவர் முகம் மலர்ந்தது.

"இல்லங்கய்யா. பாறைன்னா இவ்ளோ சின்ன எடத்துல இப்படிக் காட்டாது. இது வெறும் இரும்பு, பத்துப் பதினஞ்சு அடி ஆழத்துல. இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தரைக் கெணறு, சுத்து செவுரு கெடையாது. அந்த மழைல சரிஞ்சி மூடிக்கிச்சு. மீதிய நான்தான் டிராக்டர் வெச்சி ரொப்பினேன். அதுமேல ரெண்டு போகம் மல்லாட்ட எடுத்துட்டேன்."

"மோட்டார் உள்ளயே மாட்டிக்கிச்சா?"

"மோட்டார மழைக்கு முன்னாலியே தூக்கிட்டேன்."

"அப்போ வேற ஏதோ பெரிய சாமான். நூறு கிலோவுக்கு மேலயே இருக்கும்."

செங்கல்வராயன் திரும்பினார். வீட்டிலிருந்து கிளம்பி, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தார். அது அந்த மூலையை உரசிக்கொண்டுதான் போனது.

கயிறு கையிலிருந்து நழுவியது. அப்படியே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் பதித்தார்.

வரப்பிலிருந்து வேண்டா வேகமாக வந்தாள். "இன்னாய்யா, கெடச்சிடுச்சா? பேப்பர்ல போடுவாங்களா?"

அவர் தலை நிமிரவில்லை.

"வேண்டா, அவன் எங்கியும் போவல."