பத்து கிலோ

"பத்து கிலோ போதும், டாக்டர். ஆபரேஷன் எப்போன்னு சொல்லுங்க" என்றார் மாவு மில்காரர்.

எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அட! ஒருவழியா பேரம் படிஞ்சிடுச்சா? டாக்டர், இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் இவர் செலவுலதான் டீ."

மில்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பாதி கழற்றிய சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோளுக்கு மேல் எழும்பி மூன்று வருஷம் ஆகிறது. தலை சீவுவதுகூட இடது கையால்தான்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். தோள் மூட்டின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துபோய், எலும்போடு எலும்பு உரசிக்கொண்டு கிடந்தது. "நாள் கடத்தினா மோசமாகும்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

சொல்லத்தான் சொன்னார். மூன்று வருஷத்தில் ஐந்து முறை சொன்னார். தசைநார்கள் கிழிந்துபோனதால் வழக்கமான மாற்று மூட்டு நிற்காது, இடத்தையே மாற்றிப் போட வேண்டும் என்று மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் தோளைக் கழற்றி மாட்டிக் காட்டினார். பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. அப்புறம் கிழிந்த நாரின் வேலையைத் தோளின் வெளிப்பக்கத்துப் பெரிய தசை பார்த்துக்கொள்ளும். வலி போய்விடும், தலை சீவலாம், ராத்திரி புரண்டு படுக்கலாம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மில்காரர் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எத்தனை கிலோ தூக்கலாம்?"

"பத்து. அதுக்கு மேல போனா உள்ளே வெச்ச ஸ்க்ரூ ஆட்டம் கொடுத்துடும்."

"ஐம்பத்தெட்டு ஆகாதா?"

முதல் முறை நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது ஐம்பத்திரண்டு என்றார். அப்புறம் நாற்பத்தேழு, நாற்பத்தொன்று. போன தடவை முப்பத்தாறு. விளையாட்டுக்காக அவள் ஒவ்வொன்றையும் ஃபைலின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

"அது என்னங்க நாற்பத்தேழு? அந்த எடையில எந்த ஊர்ல மூட்டை கட்டறாங்க?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள்.

"மில் தராசுல எடை பார்த்துட்டுத்தான் வந்தேன், சிஸ்டர்."

"வரவரக் குறைஞ்சுட்டே போகுதே. மூட்டையில ஓட்டை கீட்டை இருக்கா பாருங்க!"

அன்றைக்கு அவர் எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

டாக்டரும் விடாமல் சொல்லிப் பார்த்தார். "தூக்கறதுக்கு ஒரு ஆளப் போடுங்களேன்."

"வேற ஆள் கை சரிப்படாது, டாக்டர். ஒரு நாளைக்கு ரெண்டே தடவைதான். நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுத் தூக்கினா அவ்வளவா வலி தெரியல."

"சரி, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் என்ன பண்ணுவீங்க? கை தொட்டில் கட்டுலதான் இருக்கும். ஒரு டம்ளர்கூட எடுக்கக் கூடாது."

"ஆறு வாரமா?" என்பார் மில்காரர். தோளில் ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இன்றைக்கு எந்தக் கேள்வியும் இல்லை. டாக்டர் தோளை அழுத்திப் பார்த்தார். கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். உள்ளே எலும்பு நறநறவென்றது தள்ளி நின்ற நர்ஸுக்கே கேட்டது. மில்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"வலிக்குதுன்னுதான் நினைக்கிறேன்."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை விட்டார். நர்ஸ் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள்.

"வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?"

"மக வந்திருக்கா. ரெண்டு மாசம் இருக்கேங்கறா."

"அடுத்த செவ்வாய்க்கிழமை வெச்சுக்கலாமா?" என்றார் டாக்டர்.

"எந்தக் கிழமையா இருந்தா என்ன?"

"ஆறு வாரம் கட்டு இருக்கும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"இருக்கட்டும், டாக்டர்."

நர்ஸுக்கு அவர் முகத்தில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. எப்போதும் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவு இன்று இல்லை. "என்னங்க, மாவையே காணோம்? மில்லை வித்துட்டீங்களா?"

"இல்ல, ஓடிட்டுத்தான் இருக்கு. நான்தான் பத்து நாளா போகல."

"அப்போ இனிமே மூட்டைய யாரு தூக்குவா?"

"மூட்டையெல்லாம் என்னைக்குமே கூலியாளுங்கதான் தூக்குவாங்க. நான் தூக்கறது போன வியாழக்கிழமையோட முடிஞ்சுபோச்சு."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து, ஃபைலின் ஓரத்தில் முப்பத்தாறுக்குக் கீழே பத்து என்று போட்டாள். "கூலியாளுங்க இருக்கும்போது நீங்க எதுக்கு? அப்படி என்னதான் தூக்கினீங்க, இந்த மூணு வருஷமா?"

மில்காரர் இடது கையால் வலது கையைப் பிடித்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"என் சம்சாரத்த, சிஸ்டர்."