எல்லையில் நின்ற அயனி

அப்பா நட்ட அயனி மரம் ஜெசிந்தாவின் நிலத்துக்கும் அவள் அக்கா எமில்டாவின் நிலத்துக்கும் நடுவே எல்லையில் நின்றது. பாகம் பிரித்தபோது அதை மட்டும் பொதுவில் விட்டிருந்தார்கள். எந்தக் கோடையிலும் பச்சை மாறாத மரம் இந்த வருடம் இலை பழுத்து உதிர்ந்தது. அடிமரத்தில் யாரோ துளைபோட்டு மருந்து ஊற்றியிருந்தார்கள். “ஒங்க அக்காதான். மரம் பட்டாத்தானே வெட்டலாம். மகனுக்கு வீடு வைக்கத் தடி வேண்டாமா?” என்றான் கணவன் வின்சென்ட். ஜெசிந்தா நம்பினாள்.

காலையில் துளையை அடைக்கக் களிமண்ணைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் அக்கா குனிந்து நின்றிருந்தாள்.

“இங்க என்னக்கா செய்யுத?”

“துளைய அடைக்க வந்தேன். நீ எதுக்குட்டி வந்த?”

“நானும் அதுக்குத்தான்.”

இருவர் கையிலும் மண் இருந்தது. ஆனாலும் ஒருத்தி சொன்னதை மற்றவள் நம்பவில்லை. அப்போதுதான் மரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு துளையைக் கண்டார்கள். அதிலிருந்து பால் இன்னும் வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா தொட்டுப் பார்த்தாள். பலாப்பாலைப் போல விரலில் ஒட்டிக்கொண்டது. சேலையில் துடைத்தும் போகவில்லை.

வீட்டின் பின்புறமிருந்து வின்சென்ட் கூப்பிட்டான். “ஜெசி, தேங்காயெண்ணெ எங்க வச்சிருக்க? சோப்பு போட்டும் கை ஒட்டுது.”

ஜெசிந்தா ஒட்டிய தன் விரலைப் பார்த்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போ, எடுத்துக் குடு” என்றாள்.