பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்

“இந்தச் சுவர்தாம்மா! மீட்டரை நல்லா ஒட்டி வைங்க. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் இதுக்குப் பின்னாடிதான் இருக்கு. அதோட காந்தம் என் மண்டையைப் பிளக்குது!”

வீட்டுச் சாதனங்களின் காந்தப்புலத்தை அளந்து சொல்வது அவளுக்குப் பதினேழு வருட உத்தியோகம். ஒரு தசமப் புள்ளியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

“மெஷின் ஓடுற சத்தமே கேக்கலையே, சார்?”

“புது மாடல்மா. சத்தம் வராது. நான் சுவரைத் தட்டுவேன். அந்த அம்மா ‘இதோ நிறுத்திட்டேங்க’ன்னு குரல் கொடுப்பாங்க. அடுத்த நிமிஷம் தலைவலி பறந்துடும். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

கருவியில் எண் அசையவே இல்லை.

வீட்டுக்காரரின் செல்போன் அடித்தது. அவர் அடுத்த அறைக்குப் போனதும் அவருடைய மனைவி அருகில் வந்தாள்.

“அக்கா, கொஞ்சம் அதிகம்னே எழுதிடுங்களேன்.”

புருஷனுக்கேற்ற பெண்டாட்டி என்று அளக்க வந்தவளுக்கு எரிச்சல் மூண்டது.

“பொய்யான அளவு என் கையால வராதும்மா.”

அவர் திரும்பியதும் பட்டென்று போட்டு உடைத்தாள்.

“சுவர்ல ஒண்ணுமே இல்ல, சார். இருக்கற கொஞ்சமும் உங்க தலைமாட்டு ஃபேன்லதான். அதுவும் பயப்படற அளவு இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களை வீணாத் திட்டாதீங்க.”

அவர் வாசல்வரை வந்து அவளை வழியனுப்பினார்.

நல்ல செய்தியைக் காதில் போட்டுவிட்டுப் போவோமே என்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த வீட்டு அம்மாள் குளியலறையில் குந்தி உட்கார்ந்து, கையால் துணி கசக்கிக்கொண்டிருந்தாள்.

“மெஷின் என்னாச்சும்மா?”

“பழுதாயிடுச்சு. வித்து ஆறு மாசம் ஆச்சே.”

“அப்புறம் எதுக்கு ‘நிறுத்திட்டேன்’னு குரல் கொடுக்கறீங்க? இல்லைன்னு அவர்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“தலை வலிச்சா அவருக்கு எதையாவது அடிக்கணும்மா. மெஷின் மேல பழி இருக்கற வரைக்கும் சுவரை அடிப்பாரு. அவரு பொண்டாட்டி தப்பிச்சுக்கும்.”

சட்டென்று நிமிர்ந்தாள்.

“நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது.

இருவரும் ஓடினார்கள். அந்த வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.