பிறை பார்த்த கண்

அவள் மாடிப்படிக்கு அடியில் நின்றாள்.

அண்ணனின் பழைய சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். மேலேயிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது.

மேலே மூன்றாம் பிறை.

அம்மாவும் மதினியும் ஏறிப் போய்க் கால் மணி நேரம் ஆகிறது. மதினிக்கு இது எட்டாம் மாதம். ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினாள். அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறையைப் பார்த்த கண் அடுத்ததாக ஒரு நல்ல முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மாதம் முழுக்க அந்த முகத்தின் ராசிதான்.

ஒரு காலத்தில் அது அவளுடைய முகம்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் யாரிடமாவது கெஞ்சி டூட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறுவார். மேற்கே பஞ்சு மில் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் தேடுவார். கண்டதும் கும்பிட்டு, கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"எங்க, மூஞ்சியக் கொண்டா."

அவள் ஓடுவாள். எதிரில் போய் நின்ற பிறகுதான் வாயைச் சுற்றி அப்பியிருப்பது ஞாபகத்துக்கு வரும். ஒரு மாதம் நாவற்பழம், ஒரு மாதம் மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய். இருப்பா, இருப்பா என்று பாவாடையைத் தூக்கித் துடைப்பாள். துடைத்து முடிக்கும்வரை அப்பா கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை விளையாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அப்பா கூப்பிட்டார். அவள் போகவில்லை. பிறை இறங்கிவிட்டது. கொசு கடித்தது. கண்ணைத் திறந்து தொலையுங்கள், சோறு ஆறுகிறது என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டாள்.

அப்பா அசையவில்லை.

கடைசியில் அவளுக்குத்தான் பயம் வந்தது. அழுதுகொண்டே போய் முன்னால் நின்றாள்.

அழுத முகத்தில் விழித்ததால்தான் அந்த மாதம் மழை கொட்டித் தீர்த்தது என்று பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார்.

இப்போது அப்பா இல்லை.

போன தையில் அவள் புருஷனும் இல்லாமல் போனான். ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

வந்தவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. போன பிறையன்று பழக்கதோஷத்தில் அவளும் மாடிக்குப் போனாள். மதினி கும்பிட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். அம்மாவின் கை மதினியின் தாடையைப் பிடித்தது. மெதுவாக, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பக்கம் திருப்பியது.

அதில் கோபமே இல்லை. சேலையில் ஒட்டிய நூலை எடுத்துப் போடுகிற மாதிரி.

மதினிக்கு இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருக்கிற பிள்ளை. அம்மாவுக்குப் பயம்.

அவளுக்கும்தான்.

அதனால் இந்தச் சைக்கிள் மூலை.

மேலே மதினியிடம் அம்மாவின் குரல் உயர்ந்தது.

"ஏளா வடிவு, கண்ணத் தொற. கண்ணத் தொறந்துக்கிட்டு எறங்கு."



தலைக்கு மேலே ஒரு படியில் மதினியின் காலடி. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

அந்தப் படிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கட்டுவதற்குள் அப்பா போய்விட்டார்.

அவள் சைக்கிளைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். சைக்கிள் விழுந்தது. இரண்டு இரண்டு படியாக ஏறினாள்.

மதினி பாதிப் படியில் நின்றிருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு கை வயிற்றில். இன்னொரு கை, சுவர் இல்லாத பக்கம், வெறும் காற்றைத் தடவியது.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

மதினி வயிற்றில் இருந்த கையையும் எடுத்து அவளுடைய மற்ற கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணத் தொறக்காதீய மதினி. அப்படியே திரும்புங்க. பிள்ள மேலதான் இருக்கு."

"இன்னொரு மட்டம் என்னால ஏற முடியாதுளா."

அவள் கையை விடப் பார்த்தாள். விட்டால் மதினி விழுவாள்.

முகத்தை மட்டும் சுவர் இல்லாத பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வெட்டவெளி. அந்தப் பக்கம்தான் மேற்கு.

புகைக்குழாய்க்குப் பக்கத்தில், மெலிசாக, இறங்கிக்கொண்டிருந்தது.

பார்த்துவிட்டாள்.

சட்டென்று கண்ணை எடுத்தாள். எடுத்த கண் போய் நிற்க மதினியின் முகம்தான் இருந்தது. நெற்றியில் வேர்வை. மூடிய இமைகள் துடித்தன.

"ஒங்க அண்ணன் எல்லாம் சொல்லிருக்காவ," என்றாள் மதினி. மூச்சு வாங்கியது. "காலு கடுக்கு. மூஞ்சியக் கொண்டா."

மேல்படியில் அம்மா நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மதினி கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"இருங்க மதினி," என்றாள். "இருங்க."

இரண்டு கையும் மதினியிடம் இருந்தன. தோளை உயர்த்தி, ரவிக்கைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.