சோபாவின் நடு இடம்

வயரில் பேட்டரியை வைத்ததும் வலது ஸ்பீக்கரின் கூம்புத் தாள் 'டப்' என்று வெளியே துள்ளியது.

இடது வயரில் வைத்தான். அதுவும் துள்ளியது. ஆனால் உள்ளே.

அட!

மறுபடி வைத்தான். வலது வெளியே. இடது உள்ளே. ஒரு பென்சில் பேட்டரி பொய் சொல்லுமா என்ன?

புது ஆம்ப்ளிஃபயரை மாட்டுவதற்கு முன் சும்மா ஒரு சோதனை. அவ்வளவுதான்.

இடது ஸ்பீக்கரின் பின்னால் டார்ச் அடித்தான். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயர். இரண்டு இழையும் மஞ்சள். சிவப்பு முனையில் போக வேண்டியது கறுப்பு முனையில் போயிருந்தது. முடுக்கியவன் அவனேதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. நடுவில் பாட்டு செத்திருக்கிறது.

நடுவில்.

திரும்பி சோபாவைப் பார்த்தான்.

கல்யாணமான புதிதில் குமுதாவை சோபாவின் நடுவில் உட்கார வைப்பான். ஸ்டீரியோ கேட்க அதுதான் இடம். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அவள் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவாள்.

"நடுவுல உக்காந்தா, பாடுறவரு ஊர்லயே இல்லாத மாதிரி இருக்குங்க."

உனக்குக் காது சரியில்லை என்றான். ஒரு தடவை அல்ல. விருந்தாளிகள் முன்னாலும்.

ஒருநாள் தனியாகப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டு வந்தாள். இரண்டும் நன்றாக இருக்கிறது என்ற சீட்டை மேசையில் வைத்தாள். அவன் சிரித்தான். அதன் பிறகு பாட்டு போட்டால் அவள் கூடத்துக்கே வருவதில்லை.

வயரை மாற்றி முடுக்கினான். புது ஆம்ப்ளிஃபயரை மாட்டி, அதே பழைய பாட்டைப் போட்டான்.

குரல் இரண்டு பெட்டிகளையும் விட்டு இறங்கி நடுவில் வந்து நின்றது.

"குமுதா, ஒரு நிமிசம் வாயேன்."

கரண்டியோடு வந்தாள். சோபாவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். புருவம் உயர்ந்தது.

"புது மெஷினாலயா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். இடது வயரைப் பழையபடி மாற்றிப் போட்டான். பாட்டைப் போட்டதும் நடுவில் குரல் காணாமல் போனது. மறுபடி அணைத்து, மாற்றினான். குரல் வந்தது.

"நான் மாத்திக் கட்டியிருக்கேன். ஒம்பது வருசமா."

அவள் கரண்டியோடு உள்ளே போனாள்.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

வந்து நடுவில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊருக்கு வந்துட்டாரு," என்றாள்.

அவன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான்.