பன்னிரண்டாவது பக்கம்

ஒரு வீட்டுச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. தன் கால் ஏன் சுவரை விட்டு நழுவுவதில்லை என்று தெரிந்துகொள்ள அதற்கு நெடுநாள் ஆசை. அன்று, அறிவியல் படிக்கும் பூங்கோதை அதே கேள்வியைக் கணினியில் தேடினாள். பல்லிக்கு வால் நுனிவரை சிலிர்த்தது.

முதல் பக்கம் திறந்தது. பல்லி மூன்று வரி படிப்பதற்குள் பூங்கோதை, "இதைவிட நல்லா விளக்கின பக்கம் இருக்கும்" என்றாள்.

"போகாதே, படி!" என்று பல்லி கத்தியது.

அவள் காதில் 'உச் உச்' என்றுதான் விழுந்தது. "பல்லியே சொல்லிடுச்சு, நிச்சயம் இருக்கு" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவினாள். இப்படியே பதினோரு பக்கம் போயிற்று.

மூலையில் இருந்த சிலந்தி சிரித்தது. "அண்ணே, அவளை விரட்டுறதே நீங்கதான். நீங்க சொன்னா நடக்கும்னு நம்புற வீடு இது. கொஞ்சம் வாயை மூடுங்க."

பன்னிரண்டாவது பக்கத்தில் பல்லிப் பாதத்தின் படம் பெரிதாக வந்தது. "இதைவிட நல்லது இருக்குமா?" என்று பூங்கோதை சுவரை நிமிர்ந்து பார்த்தாள். பல்லி வாயை இறுக மூடிக்கொண்டது. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, இதையே படிப்போம்" என்று அவள் குனிந்தாள்.

குனிந்த தலை திரை முழுவதையும் மறைத்தது.

"அடேயப்பா, இதனாலதானா!" என்று அவள் வியந்தாள்.

பல்லி தன் காலைத் தூக்கிப் பார்த்தது. "கொஞ்சம் சத்தமாகப் படியேன்" என்று கேட்கத் தொண்டைவரை வந்தது. கேட்டால் அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாளோ என்று வாயைத் திறக்கவில்லை.