மூன்றாவது கைப்பட்டி

வீட்டிலிருந்து புத்தர் கோயிலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. குரோதா வாயால் எண்ணிப் பார்த்திருந்தார். அடி எண்ணும் கைப்பட்டி இரண்டு வாங்கினார். போகும்போது இரண்டும் சரியாகக் காட்டின; திரும்பும்போது இரு மடங்கு காட்டின. இரண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவதை அணிந்துகொண்டு போனது, முன்னோரை விளக்கேற்றி வீட்டுக்கு அழைத்துவரும் ஓபோன் நாளன்று. கோயிலை ஒட்டிய குடும்பக் கல்லறையில் விளக்கேற்றினார். சொல் கேளாமல் மணந்து செத்துப்போன மகள் சாயோவின் அஸ்திக்கு அவர் அங்கே இடம் தரவில்லை. அது கோயில் அலமாரியில் இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் மனைவி ஃபுமி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். திரும்பிய அடிகள் இம்முறையும் இரு மடங்கு.

"மூணுமாங்க சேந்து பொய் சொல்லும்? அவ உங்க பின்னாலயே வந்து நிக்கிறா. உள்ள வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"இந்த வாசப்படி அவளுக்குக் கிடையாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். இதுவும் மட்டமான சரக்கு. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடு."

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பாயில் அமர்ந்தார். அசையாத கையில் எண் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது.

ஃபுமி அதைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அதன்பின் எண் இரண்டிரண்டாக ஏறியது.